விளக்கு வழியாக வந்த கரண்ட்

மலர்விழியின் பழைய டீசல் ஜீப்பில் மலைமேல் இருக்கும் கரியாலூரே கள்ளக்குறிச்சிக்குப் போய் வந்திருக்கிறது. ஆனால் ஹெட்லைட் போட்டால் வைப்பர் தவழும். வைப்பரைத் தட்டிவிட்டால் ஹெட்லைட் மங்கும். அதற்குக் கரண்ட் தரும் டைனமோவின் தெம்பு அவ்வளவுதான். ஐப்பசி மழையில் அதுவும் எரிந்துபோனது. வேறு டைனமோ எங்கும் கிடைக்கவில்லை.

“எடைக்குப் போட்டுடலாம் மலரு” என்றான் கணவன் மாயவன்.

அவள் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் கார்களைப் பிரித்துப்போடும் இடத்துக்குப் போய், டைனமோ வேலையையே இன்னும் தெம்பாகச் செய்யும் ஒரு காரின் ஆல்டர்நேட்டரைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்தாள். லேத்தில் ஒரு தாங்கி செய்து எஞ்சினில் பொருத்தினாள். இனி வயரிங்தான்.

அதற்குள் கபடி அணித் தலைவி மணிமொழி மழையில் நனைந்தபடி ஓடி வந்தாள். ஊர்ப் பெண்கள் அணி முதல்முறையாக மாநிலப் போட்டிக்குப் போகிறது. சாயங்காலம் சின்னசேலத்தில் ரயில் ஏற வேண்டும்.

“அக்கா, பஸ்ஸு கீழயே ரிப்பேராயி நின்னுபோச்சாம். நீங்கதான் இட்டுக்கினு போவணும்.”

“பையெல்லாம் எடுத்துக்கினு வாங்க” என்றுவிட்டாள் மலர்விழி.

மாயவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “பட்டப்பகல்லயே பனிமூட்டம் இப்டிக் கெடக்குது. பேட்டரில பாதி உயிருதான் இருக்குது. லைட்டு இல்லாம எப்டி எறங்குவ?”

“அதான் இப்ப ஏத்தப் போறன். குடையப் பிடிங்க.”

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். கரண்ட்டை அளவோடு வைக்கும் பழைய ரெகுலேட்டர் பெட்டியைத் தனியே பிரித்துவிட்டாள். புதியதற்கு அது உள்ளேயே இருந்தது. ஜீப்பின் ஒல்லி வயர் இவ்வளவு கரண்ட்டைத் தாங்காது என்று, தடித்த கேபிளை ஒரு ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரிக்கு இழுத்தாள். ஆல்டர்நேட்டரின் பக்கவாட்டிலிருந்த சின்ன சாக்கெட்டில் ஒரு வயர் பேட்டரிக்குப் போனது. இன்னொன்று காரின் டேஷ்போர்டு விளக்குக்கானது. ஜீப்பில் அந்த விளக்கே இல்லாததால் அந்த வயரை அப்படியே தொங்கவிட்டாள்.

பேட்டரியை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். வோல்ட் மீட்டரில் முள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. சார்ஜ் ஏறவே இல்லை.

பெண்கள் பைகளோடு வந்து சுற்றி நின்றார்கள்.

“செத்த மிஷினக் குடுத்துட்டானா?” என்றான் மாயவன்.

அவள் தொங்கிய வயரையே பார்த்தாள். காரில் சாவியைத் திருப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஓடியதும் அணையும். எரியும்போது அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஆல்டர்நேட்டருக்குள் போகத்தானே செய்கிறது?

“மாமா! இது எழுப்பி வுட்டாத்தான் எந்திரிக்கும். அந்த வெளக்குதான் எழுப்புது!”

டப்பாவிலிருந்து ஒரு சின்ன பல்பைத் தேடி எடுத்தாள். ஒரு முனையைச் சாவி சுவிட்சில் கொடுத்தாள், மறுமுனையைத் தொங்கிய வயரில் முறுக்கி டேப் சுற்றினாள். சாவியைத் திருப்பினாள். பல்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் அது பொசுக்கென்று அணைந்தது.

“பதினாலு!” என்று கத்தினான் மாயவன். “பதினாலு தாண்டுது மலரு!”

அவள் ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். வெளிச்சம் மூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிரே தூரத்தில் நின்ற கடுக்காய் மரம் வரை போனது. முள் அசையவில்லை. பெண்கள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே அடங்கிவிட்டது.

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தபடி மலை இறங்கினாள். கண்ணாடியில் ஒரு சொட்டு நிற்க வைப்பர் விடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியபோது வெயில் வந்தது. அவள் விளக்கை அணைக்கவில்லை.

“பகல்ல இன்னாத்துக்குக்கா லைட்டு?” என்று கேட்டாள் மணிமொழி.

“எரியுதே, அதுக்குத்தான்” என்று சிரித்தாள் மலர்விழி. ஹெட்லைட் எரிய, ஹாரன் முழங்க ஜீப்பைச் சின்னசேலம் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.