அண்ணை சத்தம் போடாத நிகழ்ச்சி

பேரின்பநாதனுக்குப் பிடித்த படம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் பார்க்காமல் விட்ட படமும் கிடையாது.

கனடாவில், மொன்றியல் நகரின் ரொக்ஸ்பரோவில் தம்பி கிருபானந்தனின் வீட்டு பேஸ்மென்ட்டில் அவர் குடியிருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து முதுகு போனபின் ஒரு சோபா, ஒரு பெரிய டிவி, அவ்வளவுதான் அவர் உலகம். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அபிப்பிராயங்கள் மட்டும் நிறைய இருந்தன.

பேய்ப்படம் பார்த்தால், "வீட்டில பேய் எண்டு தெரியுது. வாடகை வீடுதானே, மாறிப் போவன்!" என்பார். சென்னை சீரியல் பார்த்தால், "இந்த மாமியார் மூண்டு வருசமாப் பட்டுச்சீலையோடதான் நித்திரை கொள்ளுறா" என்பார். பிரெஞ்சில் அவருக்கு bonjour, merci தவிர ஒன்றும் தெரியாது. அதற்காக பிரெஞ்சு ஆஸ்பத்திரித் தொடரை விட்டுவைத்தாரா?

"பாசை எதுக்கு? அந்த டொக்டரின்ரை கண்ணைப் பார். நர்ஸுக்குப் பொய் சொல்லுறான்."

சொல்வதோடு நிற்கமாட்டார். திரையைப் பார்த்துக் கத்துவார். "அடேய், பின்னால வாறான்! திரும்பிப் பாரடா!" பொறுக்கவே முடியாத கட்டம் வந்தால் மேல்மாடியைப் பார்த்துக் குரல் போகும். "கிருபா! ஓடிவாடா!"

ஆரம்பத்தில் கிருபானந்தன் பதறிக்கொண்டு ஓடினான். போய்ப் பார்த்தால் கதாநாயகன் குண்டடி பட்டுக் கிடந்து தங்கைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பான்.

"பார், நெஞ்சில ஆறு குண்டு. இன்னும் கதைக்கிறான்! இவனுக்கு மூச்சு எங்கயிருந்து வருது?"

இப்படி எத்தனையோ தரம் ஓடிக் களைத்த பிறகு, கிருபானந்தன் இருந்த இடத்திலிருந்தே, பிறகு வருவதாகப் பதில் சொல்லப் பழகினான். "பேந்து வாறன் அண்ணை!" போகமாட்டான். அண்ணையும் எதிர்பார்க்கமாட்டார்.

ஒரேயொரு நிகழ்ச்சிக்கு மட்டும் அண்ணை வாய் திறப்பதில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது ஒரு சமையல் போட்டி. கையைக் கட்டிக்கொண்டு, தேவாரம் கேட்பவர்போல இருப்பார். சாப்பாடு கொண்டுபோன தம்பி மனைவி துஷாந்தினி ஒருநாள் கேட்டாள்.

"என்ன அத்தான், இதுக்கு மட்டும் குறை சொல்லேல்லை?"

"சமைச்சுப்போட்டுப் பயந்துகொண்டு நிக்குதுகள், பிள்ளை. அதுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது."

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மாலை. கிருபானந்தனின் சிநேகிதன் வின்சன்ட் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தான். ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் மேசைக்கு வந்த நேரம், கீழேயிருந்து குரல் கேட்டது.

"கிருபா! ஓடிவாடா!"

மேசை முழுக்கச் சிரித்தது. "அண்ணை கொலைகாரனைப் பிடிச்சிட்டார்போல" என்றான் வின்சன்ட்.

"பேந்து வாறன் அண்ணை!" என்று கிருபானந்தன் வாயில் கறியோடு கத்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரல். "கிருபா... ஓடிவாடா..."

"சஸ்பென்ஸ் தாங்கேலாமக் கிடக்கு மனுசனுக்கு. குரலும் அடைச்சுப் போச்சு" என்றான் வின்சன்ட்.

மறுபடியும் சிரித்தார்கள். அதன்பிறகு குரல் வரவில்லை. படம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

விருந்தாளிகள் போனபின் துஷாந்தினி அத்தானுக்கு ஒரு தட்டில் இடியப்பம் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பேரின்பநாதன் முகம் குப்புறக் கிடந்தார். வலது கை முதல் படியைப் பிடித்திருந்தது. அவருடைய போன் சோபாவில் கிடந்தது.

டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண், உடைந்துபோன கேக்கின் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஏன் செய்தாள் என்று துஷாந்தினிக்கே தெரியாது. முதலில் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

மாரடைப்பு என்றார்கள். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

சாவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கூப்பிடேல்லையோ?"

கிருபானந்தன் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். "கூப்பிட்டவர். ஆனா அது படத்துக்கு. என்னவோ படம் பாத்துச் சத்தம் போட்டவர். பேந்துதான் நெஞ்சு அடைச்சிருக்கு. ஒரு நிமிசத்தில முடிஞ்சிருக்கும்."

சொல்லச் சொல்ல அவன் குரல் உறுதியானது. ஆனால் ஒரு நாள், வந்தவர்கள் போனபின், துஷாந்தினியைப் பிடித்தான்.

"நீதானே டிவியை நிப்பாட்டினனீ? என்ன ஓடினது?"

அவள் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பொலிஸ் படம். ஒருத்தன்ரை பின்னால இன்னொருத்தன் கத்தியோட வாறான்."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓமப்பா. பாத்தனான்."

கிருபானந்தன் கதிரையில் இருந்து அழுதான். அண்ணை செத்த நாளிலிருந்து அவன் அழுதது அன்றைக்குத்தான். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டான்.

இணையத்தில் பார்க்கும் நிகழ்ச்சியை விட்ட இடத்திலிருந்தே டிவி மறுபடி போடும் என்பது துஷாந்தினிக்கு அடுத்த நாள்தான் உறைத்தது. கீழே போய் வேறு ஏதாவது படத்தைப் போட்டு விட்டால் போதும். ஆனால் சாவுத் துடக்கு உள்ள வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை டிவி போடுவதில்லை. நாள் முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். கிருபானந்தனோ பேஸ்மென்ட்டிலேயே, அண்ணையின் சோபாவிலேயே படுக்கத் தொடங்கிவிட்டான். ரிமோட்டை எடுத்து அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்தாள்.

அந்தியேட்டி முடிந்தது. ஐயர் போனார், சமைத்தவர்கள் போனார்கள். துஷாந்தினி மிச்சச் சாப்பாட்டை டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தபோது கிருபானந்தன் சொன்னான்.

"அண்ணை கடைசியாப் பாத்த படத்தை நானும் ஒருக்காப் பாக்கப்போறன். கொலைகாரன் ஆரெண்டு அவருக்குத் தெரியாமப் போட்டுது."

"இண்டைக்கு வேண்டாமப்பா. ரிமோட்டும் எங்கயோ கிடக்கு."

"டிவிக்குப் பின்னால பட்டன் இருக்கு."

அவன் படி இறங்கினான். அவள் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனாள். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

திரை வெளிச்சமாயிற்று. வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண், உடைந்த கேக், அழுகை. விட்ட இடத்திலிருந்து நிகழ்ச்சி தொடர்ந்தது.

கிருபானந்தன் அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். சோபாவில் இருந்தான். அண்ணையைப்போலக் கையைக் கட்டிக்கொண்டான். போட்டியாளர்கள் ஒவ்வொருவராகத் தட்டோடு வந்து நின்றார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றாள் துஷாந்தினி. "மேல வாங்கோ. சாப்பிடுவம்."

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேந்து வாறன்."