கிளிக்குச் சோறூட்ட வந்தவள்

செத்துப்போன என் பொண்டாட்டியை மூன்றாம் நாள் காலையில் வரவழைத்துக் கிளிக்குச் சோறு ஊட்ட வைத்தவன் நான். புதுச்சேரியிலேயே ஒரே ஆள். பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரிய மனுஷர்கள்கூட இதைச் செய்ததில்லை.

எங்கள் கிளிக்கு இரண்டு கண்ணும் கிடையாது. குஞ்சிலேயே காக்கை கொத்திவிட்டது. எட்டு வருஷமாக சுலோசனாதான் அதற்குக் கண். வளையல் கையால் கிண்ணத்தைத் தட்டி, "எங்க என் ராசாத்தி, ஆ காட்டு" என்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் வாய் திறக்கும். வேறு விரல் போனால் கடி. என் கட்டைவிரலை ஏழு முறை துண்டாக்கியிருக்கிறது. ஏழு முறையும் முளைத்தது.

அவள் மாரடைப்பில் போன அன்றிலிருந்து அது தண்ணீர்கூடத் தொடவில்லை. மாரில் இருந்த இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டது. கொய்யா கொடுத்தேன், ஊறவைத்த கடலை கொடுத்தேன். முதுகைக் காட்டியது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

சாவுக்கு வந்த அவள் தம்பி கலியபெருமாள் கூடவே தங்கியிருந்தான்.

"கண்ணும் இல்ல, வளத்தவளும் இல்ல. ஏன் மாமா அத சித்ரவத பண்றீங்க? சுடுகாட்ல பால் ஊத்திட்டு வந்ததும் ஆத்தோரம் எடுத்துனு போய் விட்டுட்றேன்."

"காக்கா மிச்சத்தையும் தின்னட்டும்னா?"

"இங்க கெடந்தா மட்டும் பொழைக்குமா?"

"உங்க அக்காவையே கூப்டு ஊட்ட வைக்கிறேன், பாருடா."

"பொய் சொல்றதுக்கு நேரங்காலம் இல்லியா மாமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

பிணத்தைக் குளிப்பாட்டும்போது கழற்றிய கண்ணாடி வளையல் ஆறும் ஜன்னலில் கிடந்தன. சோப்பு போட்டு என் கையில் ஏற்றினேன். மில்லில் தறி ஓட்டிய கை. நான்கு உடைந்து ஒரு படி ரத்தம் ஓடியது. இரண்டு ஏறின. கிண்ணத்தைத் தட்டினேன். கிளி தலையைத் திருப்பியது. முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திய தொண்டையை நூலாக இழுத்து, "எங்க என் ராசாத்தி, ஆ காட்டு" என்றேன்.

கூண்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து வந்தது. என் ரத்தம் ஒட்டிய பருப்புச் சோறுதான். ஒரு வாய். இன்னொரு வாய்.

பாத்ரூம் கதவு மடாரென்று திறந்தது.

"அக்கா!"

உடம்பெல்லாம் நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த கலியபெருமாள் அடுப்படி மூலையெல்லாம் தேடினான். என் மீசையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். கிளி மென்றுகொண்டிருந்தது. சுவரோரம் அப்படியே குந்திவிட்டான்.

"நிறுத்தாதீங்க மாமா," என்றான். "அக்கா வந்துச்சி. என் காதால கேட்டேன்."