ஆழ்வாப்பிள்ளையின் தாகமும் ஒரு நட்சத்திரமும்

சுன்னாகத்துப் புகையிலை வியாபாரி ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு விசித்திரமான தாகம் இருந்தது. வெயிலில் நின்றால் வராது. பேரம் இறுகினால் வரும். விலை நடுவில் வந்து, இனி மேலேயும் போகாது கீழேயும் இறங்காது என்று நிற்கும் நேரம் பார்த்து, "பொறுங்கோ, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பி உள்ளே போவார். திரும்பி வரும்போது விலை மாறியிருக்கும்.

அது நீரிழிவு என்றுதான் சந்தையில் எல்லோரும் நம்பினோம். ஒருவர் ஆவாரம்பூ கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னொருவர் நாவற்கொட்டையை இடித்துத் தூளாக்கிக் கொடுத்தார். சுருட்டுக் கொட்டில் வைத்திருக்கும் நானும் அச்சுவேலிப் பரியாரியாரிடம் சூரணம் வாங்கிக் கொடுத்தேன். நோய் சுகமானால் நல்ல விலை தர மனம் வரும் என்பது என் கணக்கு. எல்லாவற்றையும் அவர் நன்றியோடு வாங்கி வைத்தார். தாகம் மட்டும் குறையவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடம், அந்த வீட்டுக்குப் புகையிலை வாங்கப் போகாமல் பெண் கேட்கப் போனேன். மாப்பிள்ளை என் அக்காவின் மகன் தில்லைநாதன். நெல்லியடியில் கணக்குப் படிப்பிக்கிறவன். பெண் ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகள் மீனாம்பிகை. மாவிட்டபுரத்துத் திருவிழாவில் இரண்டு பேருக்கும் கண்ணாலே பேரம் முடிந்திருந்தது. சாதகமும் பொருந்தியது. பெரியவர்கள் வாயால் முடிப்பதுதான் மிச்சம்.

இடையில் நின்றது ஒரு நட்சத்திரம்.

தில்லைநாதனைக் கல்கத்தாவில் ஒரு பேராசிரியர் இரண்டு வருட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்றால், இதுவரை உலகத்தில் ஒருவரும் கண்டிராத ஒரு வகை நட்சத்திரத்தைப் பற்றி. பெரிய நட்சத்திரம் எரிந்து முடிந்தால் தன்மேலேயே இடிந்து விழுமாம். அந்த இடிபாட்டில் இறுகி இறுகி, எங்கள் சூரியனளவு பாரம் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அடங்கிவிடுமாம். அதில் ஒரு பாக்களவு வெட்டி எடுத்தால், ஏற்றிப் போக உலகத்துக் கப்பல் எல்லாம் சேர்ந்தாலும் காணாதாம். அப்படியொன்று இருக்கலாம் என்று அமெரிக்காவில் சிலர் சில வருடங்களுக்கு முன்னர்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் ஆள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இருக்கலாம் அல்ல, இருக்கிறது என்றான்.

ஆழ்வாப்பிள்ளையின் நிபந்தனை ஒன்றே ஒன்று. கல்கத்தாவை விட்டுவிட்டு, மாப்பிள்ளை அரசாங்கக் கிளாக்கர் சோதனை எடுக்க வேண்டும். கிளாக்கருக்குப் பென்சன் உண்டு, நட்சத்திரத்துக்கு இல்லை. எடுக்காவிட்டால் மீனாம்பிகைக்கு வேறு இடம் பார்ப்பார். தில்லைநாதனோ இரண்டில் எதையும் விடமாட்டேன் என்று நின்றான்.

பெண் பேசும் இடத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் சரக்கைக் கண்ணால் பாராமல் விலை பேசமாட்டேன் என்று ஆழ்வாப்பிள்ளையே சொல்லியனுப்பியிருந்தார். ஆகையால் ஒரு காலைப்பொழுதில் இரண்டு பேரும் போய் அவர் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தோம். உள்ளறை வாசலில் ஒரு சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் யாரோ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் சரக்கை அவருடைய பாஷையிலேயே எடுத்து வைத்தேன். பச்சைப் புகையிலை ஒரு குடில் நிறையக் கிடக்கிறது, புகை போட்டு இறுக்கிக் கட்டினால் ஒரு சிப்பத்துக்குள் வருகிறது, நட்சத்திரமும் அப்படித்தான் அண்ணை என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"புகையிலை காய்ஞ்சா நிறை குறையும், சீவரத்தினம். உம்மடை மருமகன்ரை நட்சத்திரம் நிறை குறையாமல் சுருங்குதாம். உப்பிடி ஒரு புகையிலை கிடைச்சிருந்தா, எங்கடை சரக்குப் போற திருவிதாங்கூரையே நான் விலைக்கு வாங்கியிருப்பன்."

விட்டுக்கொடுக்காமல், ராகுவையும் கேதுவையும் யார் கண்டது, அதுகளை நம்பித்தானே இரண்டு மாப்பிள்ளைமாரைத் திருப்பியனுப்பினீர்கள் என்று கேட்டேன். இது என் துருப்புச் சீட்டு. அவர் அதையும் வெட்டினார். ராகுவைக் காணாவிட்டாலும் கிரகணத்தைக் கண்டிருக்கிறாராம். இந்த நட்சத்திரம் எதை மறைத்தது, எதைக் காட்டியது என்று கேட்டார். நான் வேறு சீட்டைத் தேடுவதற்குள் அவருக்குத் தாகம் வந்துவிட்டது.

திரும்பி வந்தவர், கிளாக்கர் சோதனை எடுக்கத் தேவையில்லை, வாத்தியார் வேலையே போதும், ஆனால் கல்கத்தா கூடாது என்றார். நல்ல இறக்கம். நான் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மறுபடியும் தாகம். இந்த முறை வந்து, கல்கத்தாவுக்குப் போகட்டும், ஆனால் போய்வந்த பிறகுதான் கலியாணம் என்றார். இரண்டு வருடம் என்பது பெண் வீட்டுக்காரர் மனம் மாறப் போதுமான காலம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அவர் மூன்றாவது தடவையாக எழும்பி உள்ளே போனார்.

தில்லைநாதன் இப்போது என் பக்கம் சாய்ந்தான்.

"அம்மான், உள்ளுக்கு ஆர் இருக்கினம்?"

"தண்ணிப் பானை."

"தண்ணிப் பானை விலை சொல்லாது. ஐயா உள்ளுக்குப் போகேக்கை பாக்குவெட்டிச் சத்தம் நிக்குது. வெளியில வரேக்கை திரும்பத் தொடங்குது. போன ரண்டு தரமும் பாத்திட்டன்."

நான் காதைக் கொடுத்தேன். பாக்குவெட்டி ஓய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆழ்வாப்பிள்ளையின் மனைவி பராசக்தி அக்காவை நான் கோயிலில் கண்டதோடு சரி. இந்த விறாந்தையில் கண்டதேயில்லை. மகளுக்குச் சீதனமாகப் போகிற தோட்டமும் வீடும் அவருடைய சீதனம். எங்கள் தேசவழமைச் சட்டப்படி தாயின் சீதனம் மகளுக்கு. அதில் ஆழ்வாப்பிள்ளை நினைத்தபடி கை வைக்க முடியாது. இந்த வீட்டில் எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சந்தை முழுவதும் காணாமல் விட்டு, ஆவாரம்பூ அவித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பாக்குவெட்டி மறுபடி தொடங்கியது. ஆழ்வாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அவர் விலையைச் சொல்லுமுன் தில்லைநாதன் எழும்பினான். அவரைப் பார்க்கவில்லை. சீலையைப் பார்த்து நின்றான்.

"மாமி, திருவாதிரைக்குக் கீழை வெள்ளையா எரியிற பெரிய நட்சத்திரம் ஒண்டு இருக்கு. அது நேரா நடக்கேல்லை. நெளிஞ்சு நெளிஞ்சு நடந்தது. பக்கத்திலை நிண்டு ஆரோ இழுக்கினம் எண்டு ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒருத்தரும் காணேல்லை. கொஞ்சக் காலத்தாலை நல்ல தூரக்கண்ணாடி வந்தது. அதாலை பாத்தா, சொன்ன இடத்திலை சின்னதா ஒரு நட்சத்திரம் நிக்குது. காணாததை நம்பச் சொல்லி நான் கேக்கேல்லை. இழுக்கிறதை வைச்சுக் கண்டுபிடிக்கிறதுதான் என்ரை தொழில்."

கேட்குமுன்னே மாமி என்று உறவை முடித்துவிட்டான். பாக்குவெட்டி நின்றது. ஆழ்வாப்பிள்ளையின் முகம், நடுச் சந்தையில் வேட்டி அவிழ்ந்தவர் முகம்போல ஆனது.

சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

"தம்பி, அது கண்டுபிடிச்ச நட்சத்திரம். உம்மடை நட்சத்திரம் ஒருத்தர் கண்ணிலையும் படாமலே போச்சுதெண்டா?"

"படாட்டிலும் இருக்கும், மாமி. கணக்குப் பிழைச்சாத்தான் இல்லை."

"கணக்குப் பிழைச்சா?"

"பிழையை நானே முதல் சொல்லுவன். மற்றவன் வந்து காட்டுமட்டும் மூடி வைச்சிருக்க மாட்டன்."

உள்ளே பாக்குவெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சிப்பத்துக்கு நடுவிலை அழுகின இலையை வைச்சுக் கட்டிறவங்களோடைதான் இந்த மனிசன் இவ்வளவு காலமும் மாரடிச்சது" என்றார் பராசக்தி அக்கா. "தன்ரை சிப்பத்திலை அழுகல் கிடந்தா தானே உருவிக் காட்டுவன் எண்டு ஒருத்தன் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன். சீவரத்தினம், நீர் கூடச் சொன்னதில்லை."

சொன்னதில்லைதான். நான் தலையை ஆட்டினேன்.

"கலியாணம் ஆவணியிலை. என்ரை பிள்ளையும் கூடக் கல்கத்தாவுக்குப் போகட்டும். தோட்டத்தை ஆரும் கப்பலிலை ஏத்தப்போறேல்லை. அது இஞ்சைதான் கிடக்கும்."

விலை முடிந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் எழும்பி, "பொறுங்கோ, நான் தண்ணி குடிச்சிட்டு" என்று தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, இருங்கோ" என்றது குரல். "செம்பு வெளியில வருது."

சீலை விலகியது. மீனாம்பிகை செம்போடு வந்தாள். தகப்பனிடம் கொடுத்துவிட்டு, தில்லைநாதனை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஆழ்வாப்பிள்ளை செம்பைக் கவிழ்த்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நான் அறிய அந்த மனிதருக்கு உண்மையாகத் தாகம் எடுத்தது அன்றைக்குத்தான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. புரட்டாதியில் இரண்டு பேரும் கப்பலேறினார்கள். சண்டை வந்தது, கப்பல் குறைந்தது, இரண்டு வருடம் நாலு வருடமானது. அந்த நட்சத்திரத்தை இன்னும் ஒருவரும் காணவில்லை. சந்தையில் யாராவது நக்கலாகக் கேட்டால், "வரும், எங்கை போகப்போகுது" என்கிறார் ஆழ்வாப்பிள்ளை, ரயிலுக்குக் காத்திருக்கும் ஸ்ரேசன் மாஸ்டர் மாதிரி.

அவர் வீட்டுக்கு இப்போது ஒருவரும் ஆவாரம்பூ கொண்டுபோவதில்லை. புகையிலை விலை பேசப் போனால், எல்லோரும் சீலைக்குக் கிட்டவாகப் போய் உட்கார்ந்து, சற்று உரத்துத்தான் பேசுகிறோம்.