வயிற்று வலிக்கு இங்கிலீஷ் தெரியாது

"மிஸ், எனக்கு வயிறு..."

பொடிசு முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்பு டீச்சர் தலையை நிமிர்த்தாமலே, "இங்கிலீஷ்ல சொல்லு" என்றாள். அவள் மேசையில் திருத்தாத நோட்டுகளும், சுவரில் ஒட்ட வேண்டிய வண்ண அட்டைகளும் குவிந்து கிடந்தன. மறுநாள் கல்வி அதிகாரி வருகிறார். பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதுவதையும் பேசுவதையும் பார்க்கப்போகிறார். அவர் திருப்தியாகப் போனால்தான் டீச்சரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அந்தக் கவலையில் அவளுக்குச் சில நாட்களாகவே சாப்பாடு இறங்கவில்லை.

பொடிசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வயிற்றுக்கு இங்கிலீஷில் என்ன என்று அவளுக்குத் தெரியும். உடம்பின் பாகங்களைப் படம் பார்த்துப் படித்திருக்கிறாள். வலிக்குத்தான் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் போனதைக்கூட டீச்சர் கவனிக்கவில்லை.

டீச்சரைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, செருப்பு வாரையும் மாட்டிவிடுகிறவள்தான். பள்ளிக்கூடத்துச் சட்டம் அப்படி. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வீட்டுப் பேச்சு கூடாது. அதுவும் பெற்றோர் கேட்டு வாங்கிய சட்டம். பிள்ளை என்ன சொல்கிறது என்பதைவிட எந்த மொழியில் சொல்கிறது என்பதல்லவா இப்போது எல்லோருக்கும் பெரிதாகப் போய்விட்டது!

எழுத்துப் பயிற்சியும் அதே லட்சணம்தான். தினமும் காலையில் டீச்சர் பலகையில் ஐந்து வரி எழுதிப்போடுவாள். ஐ ஆம் ஃபைன் டுடே. ஐ ஆம் எ குட் கேர்ள். ஐ லவ் மை ஸ்கூல். இப்படியே போகும். பிள்ளைகள் அதைக் குண்டு குண்டாக நோட்டில் எழுதி, அதே வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு வரியைச் சொன்னால் அடுத்த வரி தானாக வாயில் வந்து நிற்கும். காய்ச்சலில் முனகுகிற பிள்ளையும், வாசலில் அம்மாவைப் பிரிந்து அழுத பிள்ளையும், ஐ ஆம் ஃபைன் என்றுதான் எழுதின. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். எழுதியது நிஜமா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டிலாவது பொடிசு வாயைத் திறந்திருக்கலாம். அங்கேயும் சட்டம். வேன் ஓட்டுகிற அப்பா, சாப்பிட்டு முடிக்கிறவரை இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்ததோ வண்டி ஓட்டத் தேவையான இங்கிலீஷ். ஸ்டாப், கோ, ரிவர்ஸ். அதனால் அந்த வீட்டில் மாலைப்பொழுது பெரும்பாலும் அமைதியாகவே கழியும். ஏற்றுமதித் துணிகளுக்குக் காலர் தைக்கிற அம்மா, மகள் தட்டைத் தொடாததைப் பார்த்து என்னவென்று சாடையில் கேட்டாள். பொடிசு அப்பாவைப் பார்த்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னாள். "ஐ ஆம் ஃபைன், மம்மி."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நமக்கு வராதது பிள்ளைக்கு வருகிறதே என்று மகிழ்ந்துபோய்த் தட்டை எடுத்து வைத்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பாவம், அவளைச் சொல்லி என்ன குற்றம்.

மறுநாள் வகுப்பு கல்யாண வீடு மாதிரி ஜோடித்திருந்தது. அதிகாரியும் தலைமையாசிரியையும் உள்ளே வந்தார்கள். அதிகாரி சுவரிலிருந்த அட்டைகளைப் பார்த்தார், நோட்டுகளைப் புரட்டினார், பரவாயில்லையே என்று தலையாட்டினார். டீச்சருக்கு அப்போதுதான் பாதி உயிர் வந்தது. பிறகு அவர் முன்வரிசையில் இருந்த பொடிசைக் காட்டி, ஹௌ ஆர் யூ என்று சிரித்தபடி கேட்டார்.

பொடிசு எழுந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. வலது பக்கம் கொஞ்சம் குனிந்து, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். நேராக நில்லேன் என்று மனசுக்குள் கெஞ்சவும் செய்தாள்.

"ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, சார்."

அதிகாரி கைதட்டினார். வகுப்பும் கைதட்டியது. அந்தச் சத்தத்தோடு பொடிசு அப்படியே சரிந்து, பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் விழுந்தாள்.

டீச்சர் ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. அதிகாரி நிற்கிறாரே என்கிற பயமோ, பழக்கமோ, அவள் வாயில் முதலில் வந்தது, வாட் ஹேப்பண்ட், வாட் ஹேப்பண்ட் என்பதுதான். பொடிசு கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள். வரிசையில் அடுத்த வரி வந்தது.

"ஐ ஆம் எ குட் கேர்ள்."

டீச்சருக்கு யார் நிற்கிறார்கள், என்ன சட்டம், எல்லாம் மறந்துபோனது. "எங்கடா வலிக்குது கண்ணு, மிஸ்கிட்ட சொல்லும்மா" என்று வீட்டுப் பேச்சில் கதறினாள். பிள்ளை கண்ணைத் திறந்து, முதலில் தலைமையாசிரியையைத்தான் பார்த்தது. திட்டுவார்களோ என்று பார்த்தது. அதற்குப் பிறகே டீச்சரின் காதோரம், "வயிறு மிஸ். நேத்துலேர்ந்து" என்றது.

டீச்சர் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில், குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்திருக்கிறது என்றார்கள். உடனே அறுவை சிகிச்சை. நேற்றே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு சிக்கல் இல்லை, இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். தோளில் நூல் பிசிறோடு ஓடிவந்த அம்மா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். யாருக்கும் யாரையும் தேற்றத் தோன்றவில்லை.

"நேத்து கேட்டேனே டீச்சர்," என்றாள் அம்மா. "நல்லாருக்கேன்னுதானே இங்கிலீஷ்ல சொன்னா. நானும் நம்பிட்டேனே."

டீச்சர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பிள்ளை தன்னிடம்தான் முதலில் வந்ததையும், இங்கிலீஷில் சொல்லு என்று தான் திருப்பி அனுப்பியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா ஓங்கி அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். அறைந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் அறைக் கதவு திறப்பதற்குள் ஒரு யுகம் போய்விட்டது போலிருந்தது. வெளியே வந்த டாக்டர், பிழைத்துக்கொண்டாள், இனி பயமில்லை என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தார். அதிகாரிக்கு வகுப்பு ரொம்பப் பிடித்துவிட்டதாம். வேலை நிரந்தரமாகிற மாதிரிதானாம். பெற்றோர் கேட்டால், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டுமாம்.

"எங்கிட்ட சொல்ல வந்தா மேடம். நான்தான் கேக்கல. அதை அவங்க அம்மாகிட்டயே சொல்லிட்டேன்." டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. "வலிக்குதுன்னு சொல்ல விடாம எத்தனை மொழி சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்? மனசுல இருக்கறதச் சொல்லவும் எழுதவும்தான் மேடம் மொழி. முதல்ல பிள்ளைங்க தனக்குத் தெரிஞ்ச பேச்சுல நிஜத்தைச் சொல்லட்டும். அதையே இங்கிலீஷ்லயும் தப்பும் தவறுமா எழுதட்டும், நான் உக்காந்து திருத்தறேன். பொய்யை அழகா எழுத இனிமே நான் சொல்லித்தர மாட்டேன். வேலை போனா போகட்டும்."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். வேலை போய்விடுமோ என்கிற பயம் இருக்கத்தான் செய்தது. அதோடுதான் பொடிசைப் படுக்க வைத்திருந்த அறைக்குள் போனாள்.

பொடிசுக்கு அப்போதுதான் மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. அப்பா கட்டில் பக்கத்தில் குனிந்து, "எப்படிடா இருக்கு தங்கம்?" என்று கேட்டார். பிள்ளை அவரைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது.

"உனக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லும்மா" என்றார் அப்பா. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ரொம்ப வலிக்குதுப்பா" என்று பொடிசு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அம்மா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.