தள்ளிப் பார்த்த வண்டி

ஆசீர்வாதம் வண்டியில் ஏறவே இல்லை. மோட்டார் சைக்கிள் கடையின் பின்முற்றத்தில் ஷெட்டுக் கட்டுவதற்காக ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், நல்ல சிமென்டுத் தரையை விட்டுவிட்டு அந்த மணலில் போய்த் தள்ளினான். சின்ன வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. திருப்பினால் திரும்பியது, நிறுத்தினால் நின்றது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

கடை மெக்கானிக் சலாஹுதீன் கையில் கந்தல் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பழவேற்காட்டுக்காரன். மவுண்ட் ரோட்டில் எத்தனையோ பேருக்கு வண்டி காட்டியவன்.

"இன்னா சார், அல்லாரும் ஏறி ஒரு ரவுண்டு அட்ச்சிட்டு வருவாங்க. நீங்க இன்னான்னா மாட்டை இஸ்துக்கினு போற மாதிரி இஸ்துக்கினு போறீங்க. உங்க ஊர்ல ரோடு அவ்ளோ மோசமா?"

"மோசந்தான்" என்றான் ஆசீர்வாதம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

திருவள்ளூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் குஷ்டரோகப் பிரிவின் கம்பவுண்டர். வாரம் முழுக்க சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் மருந்து கொடுத்துக் கட்டுப்போட்டு வருகிற வேலை. பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம், பாதி ஊர்களுக்குப் போய்ச் சேர முடிவதில்லை. கடைசியில் டாக்டரம்மா கிரேஸ் எங்கெங்கோ எழுதி மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி வாங்கிவிட்டார். "ரெண்டு வண்டி இருக்காம். ஒண்ணு பெரிசு, தூரத்துக்கு நல்லது. ஒண்ணு சின்னது, சந்து பொந்தெல்லாம் போகும். ஓட்டப் போறது நீதான், நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டார். நாகர்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர், ஜீப்பில் போகிறவர். அவர் போகும்போது ஊரே எழுந்து நிற்கும். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் குடிக்கும் என்றார்கள், டயர் விலை என்றார்கள், ஏரிக்கரையில் சறுக்கும் என்றார்கள். ஜீப் டிரைவர் சாலமோன், "மிலிட்டிரில நீ ஓட்டாத பெரிய வண்டியா?" என்று கேட்டான். அது உண்மை. யுத்தத்தின்போது ஆசீர்வாதம் பர்மா எல்லையில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரனாக இருந்தான். அவனுடைய ஹாரன் கேட்டால் வெள்ளைக்கார கேப்டனே ஓரம் ஒதுங்குவான். அந்தக் கையும் காலும் மாவூர்ப் பிள்ளையார் கோயிலைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிடும். சேரியில் பிறந்தவன் அங்கிருந்து மணல் நிறைந்த ஊர்த்தெரு முடிகிற வரை தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். தெருவைத் தாண்டினால்தான் சேரி, அவனுடைய நோயாளிகள். வேறு வழி கிடையாது, அந்தப் பக்கம் ஆறு. மாவூர் மட்டுமா, போகிற ஊர்களில் முக்கால்வாசி இதே கதைதான்.

தீண்டாமைக்கு எதிரான சட்டம் போன வருஷமே வந்துவிட்டது. ஆனால் மாவூரில் யாரும் அவனை அடித்ததோ திட்டியதோ இல்லை, அதனால் யார் மேல் புகார் சொல்வது? சேரிக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளை சைக்கிளைவிட்டு இறங்காமல் போனான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷ அறுப்புக்குச் சேரியிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை தன் ஊருக்குப் போய்விட்டான், பட்டினி கிடந்தது இவர்கள்.

இதை வீட்டில் கூட அவன் பேசியதில்லை. காலையில் இட்லி வைக்கும்போது மனைவி சாராள்தான் போட்டு உடைத்தாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சின்னதே வாங்கிக்கோங்க. எறங்கித் தள்றதுக்குத் தோதா இருக்கும்."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"நான் இன்னா புதுசாவா சொல்லிட்டேன்? உங்க மனசுல ஓடிக்கினு கீறதைத்தான் சொன்னேன். இட்லி இன்னா பாவம் பண்ணுச்சு?"

பட்டணத்துக்கு ரயிலேறித் திருநின்றவூர் தாண்டுகிற வரைக்கும் அவனுக்கு அவள்மேல் கோபம். பிறகுதான் அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்பதும், கோபம் வந்ததே அதனால்தான் என்பதும் உறைத்தது. ஒரு மனிதன் வண்டி வாங்கப் போகிறான், அது ஓடுவது எப்படி என்று பார்க்காமல் அதோடு நடப்பது எப்படி என்று பார்க்கப் போகிறான். என்ன பிழைப்பு இது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"பெரிசையும் ஒரு வாட்டி பார்க்கிறேன்" என்றான் இப்போது.

சலாஹுதீன் அதை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக் கொடுத்தான். சிமென்டில் ஒழுங்காகத்தான் வந்தது. மணலில் முன்சக்கரம் நுழைந்ததும் நின்றுவிட்டது. தோளைக் கொடுத்து நெட்டினான், அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் நெட்டினான். வண்டி அவன் பக்கம் சாய்ந்து இடுப்பை அழுத்தியது. சலாஹுதீன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான்.

"வுடுங்க சார், வுடுங்க. இது இன்னா தள்ற வண்டியா? மண்ணுல பூந்துகினா மேல குந்திகினு முறுக்கணும், அப்பதான் வெளிய வரும்."

"தள்ளவே முடியாதா?"

"ஒத்த ஆளால ஆவாது சார்."

ஆசீர்வாதம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அன்று முழுக்க இல்லாத சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் வந்தது. இறங்கினால் நகராத வண்டி. அதன்மேல் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? அவன் திமிரில் ஏறிப் போகவில்லை, வண்டியின் கனம் அப்படி.

"இதையே குடு" என்றான்.

அடுத்த வாரம், மருந்துப் பெட்டியைப் பெட்ரோல் டாங்கின்மேல் வாரால் கட்டிக்கொண்டு மாவூருக்குப் புறப்பட்டான். வழியெல்லாம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஒத்திகை பார்த்தான். நிறுத்தக் கூடாது. கேட்டால் பணிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. பிள்ளையார் கோயில் வந்தது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிராம முன்சீப் மணவாளன் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் அணைந்த பிறகுதான், தான் தரையில் நிற்பது ஆசீர்வாதத்துக்குத் தெரிந்தது. கால் தானாக இறங்கியிருந்தது. தன் காலையே வெட்டிப் போடலாம் போல இருந்தது அவனுக்கு.

"வண்டி புச்சா?" என்று கேட்டார் முன்சீப். "நல்லா கீது."

"ஆமாங்க. ஆனா இது தள்ற வண்டி இல்லீங்க. மணல்ல நவராது. ஏறி ஓட்டினாத்தான் போவும்." ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட்டான். ஆனால் தரையில் நின்றுகொண்டு சொன்னதற்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போனது.

முன்சீப் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, கரிசனம்தான் இருந்தது. "அய்யோ, இம்மாங்கனத்தை நீ ஒண்டியா எப்டிப்பா தள்ளுவே?" என்றார். பக்கத்துக் களத்தில் சேரி ஆட்கள் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், ரெண்டு பேரு வாங்கடா. ஆஸ்பத்திரிக்காரரு வண்டிக்கு ஒரு கை குடுங்க."

இதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் கன்னியப்பன், ஆசீர்வாதத்திடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவன். "நீ சும்மா புட்ச்சிக்கோ நைனா, நாங்க தள்றோம்" என்றான் சந்தோஷமாக. தங்கள் ஆள் இவ்வளவு பெரிய வண்டியோடு வந்ததில் அவனுக்குப் பெருமை. ஆசீர்வாதம் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். பர்மா ரோட்டில் கேப்டனை ஒதுக்கியவன், நான்கு கைகள் பின்னாலிருந்து நெட்ட, தலையைக் குனிந்துகொண்டு ஊர்த்தெருவில் நடந்தான். வாசல்களில் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சின்ன வண்டியாக இருந்தால் அவமானம் அவனோடு போயிருக்கும், இப்போது இவர்களையும் இழுத்துவிட்டான்.

நடுத்தெருவில் பின்சக்கரம் புதைந்தது. கன்னியப்பன் குனிந்து, கீழே கை கொடுத்து எக்கித் தூக்கினான். சக்கரம் எழும்பவில்லை. மறுபடி தம் கட்டித் தூக்கினான். அப்போது கருகல் நாற்றம் வந்தது. ஆசீர்வாதம் திரும்பிப் பார்த்தான். கன்னியப்பனின் வலது கை சைலன்சரை இறுகப் பிடித்திருந்தது. திருவள்ளூரிலிருந்து ஓடிவந்த சூடு இன்னும் அதில் இருந்தது. விரல்களில் உணர்ச்சி அற்றுப்போன நோயாளி அவன், அவனுக்குச் சுட்டால் தெரியாது.

"கையை எடு. கன்னியப்பா, கையை எடுடா."

"இன்னா நைனா?" என்று சிரித்தபடி எடுத்தான். உள்ளங்கைத் தோல் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருந்து கொடுத்துக் காப்பாற்ற வந்த கை அது.

சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னால் போனாலும் முன்னால் போனாலும் தெருதான். ஆசீர்வாதம் காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்கார்ந்தான். கிக்கரை உதைத்தான். இரண்டாம் உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, வாசலில் நின்ற பெண்கள் உள்ளே போனார்கள். வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்த முன்சீப் கட்டிலைவிட்டு எழுந்தார்.

"ஏறு" என்றான், திரும்பாமல்.

கன்னியப்பன் முன்சீப்பைப் பார்த்தான். களத்தில் வேலையை நிறுத்திவிட்டு நின்ற தன் ஆட்களைப் பார்த்தான். வெந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பின்சீட்டின் மிதியில் வைத்தான். மற்றக் கால் இன்னும் மணலில்தான் இருந்தது.