ராணியின் இடுப்பளவு

இயக்குநர் வீட்டுக்கு வந்தபோது ஊசியக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்து போயாயிற்று. இவரும்தான் வந்து போனார். மறுபடி எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

நாடக அரங்கில் எல்லாருக்கும் அவள் ஊசியக்காதான். முப்பது வருடமாக அங்கே உடையறை அவள் பொறுப்பு. எந்நேரமும் வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியிருப்பாள், பேசாமல் இருப்பதற்கு அது நல்ல சாக்கு என்று கேலி செய்வார்கள்.

"அந்த இசை நாடகத்தை மறுபடி போடப் போறோம், அக்கா. அவர் நினைவா. பாட்டு எல்லாம் அவர் போட்டபடியே இருக்கும். உடைக்கு நீங்கதான் வரணும்."

"சரி."

"இன்னொரு விஷயம்." அவர் வார்த்தையை மென்று விழுங்கினார். "ராணியா நடிக்கறது பழைய ஆள்தான். வயசு தெரிஞ்சா இன்னும் நல்லாருக்கும்னு நினைக்கிறேன்."

ஊசியக்கா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"சரி" என்றாள்.

சமாதானம் சொல்ல நாலைந்து காரணங்களை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பழைய ஆளை, இருபத்து நாலு வருடம் கழித்தும், எல்லாரும் ராணி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த நாடகத்தில் ஓடக்காரன் மகளாக வந்து, நாட்டுக்கே ராணியாகி, கடைசியில் சிறைக்குப் போகிற வேடம் அவளுக்கு. பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர் ஊசியக்காவின் கணவர். நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராணியின் வீட்டுக்குக் குடிபோனார். ஐந்து வருடம் அங்கே இருந்தார். பிறகு அதே பெட்டியோடு திரும்பி வந்தார். ஊசியக்கா ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ஊர் நாலு நாள் பேசியது, ஐந்தாம் நாள் வேறு கதை கிடைத்தது. அதற்குப் பின் பத்தொன்பது வருடம் அவர் ஊசியக்கா வீட்டிலேயே இருந்தார், குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், புது மெட்டு ஒன்றுகூடப் போடவில்லை. கடைசி ஏழு மாதம் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது, ஊட்டிவிட்டது எல்லாம் அவள்தான். அவர் போன அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று சொன்னார்கள். ஐந்து வாரமாக வரவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் சாயங்காலம் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு நீ ஊக்கு மாட்டி விடப் போறியா?"

"அந்த உடையோட உள்தையல் வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு மானம், ரோஷம் ஒண்ணுமே இல்லையாம்மா?"

ஊசியக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

"இருக்கும்" என்றாள். "சாப்பிட்டியா?"

பழைய உடைகள் அரங்கின் மேல்மாடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. மூன்றுதான் முக்கியம். ஓடக்காரன் மகளின் பழுப்புப் பாவாடை, பட்டாபிஷேகத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கி, சிறைக்குப் போடும் சாம்பல் நிறச் சட்டை. வெல்வெட்டில் பூச்சி அரிக்கவில்லை. ஊசியக்கா எதையும் ஒட்ட வெட்டித் தைப்பவள் அல்ல. மிச்சத் துணியைத் தையலுக்குள்ளேயே மடித்து விட்டிருப்பாள், நாளைக்கு உடம்பு எப்படி மாறும் என்று யார் கண்டது. போன வருடம் வேறொரு நாடகத்துக்காக உதவியாள் எடுத்த ராணியின் அளவு நோட்டில் இருந்தது. இடுப்பு முப்பத்தைந்து அங்குலம். அங்கி தைத்த காலத்தில் இருபத்தெட்டு. ஆகவே இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை வெளியே விட்டு, இஸ்திரி போட்டு வைத்தாள்.

அளவு பார்க்கிற நாளில் ராணி சரியான நேரத்துக்கு வந்தாள். "வணக்கம், அக்கா" என்றாள். ஊசியக்கா வாயில் குண்டூசியோடு தலையை அசைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நின்று இருபத்து நாலு வருடம். இதே அரங்கில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி படியேறுவாள், ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போவாள். ராணிக்கு உடை மாட்டுவது எப்போதும் உதவியாள்தான்.

அங்கியைப் போட்டுவிட்டாள். அது ராணியின் தோளிலிருந்து, கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரித் தொங்கியது.

ஊசியக்கா டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். முப்பது. தப்பாகப் பிடித்திருப்போம் என்று மறுபடி சுற்றினாள். முப்பதேதான்.

குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "உடம்புக்கு ஏதாவதா?"

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. ஒண்ணும் இல்லையாம்." ராணி கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "அவர் படுத்துட்டாருன்னு கேள்விப்பட்டதுல இருந்து சாப்பாடு இறங்கலை, அக்கா. தட்டுல போட்டா, வாய் வரைக்கும் போகும். அதுக்கு மேல போகாது."

ஊசியக்கா குண்டூசிகளை மறுபடி வாயில் கவ்விக்கொண்டாள். குனிந்து பக்கவாட்டில் துணியைப் பிடித்து ஊசி குத்தினாள். குனியும்போது அவளுடைய சொந்தச் சட்டை அக்குளில் இழுத்தது. இந்த ஏழு மாதத்தில் அவள் பெருத்திருந்தாள். அவருக்கு ஊட்டியது போக மிச்சத்தைத் தின்று, பாத்திரத்தை வழித்து நக்கி, நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். யார் இளைத்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. பிரித்த தையலை எல்லாம் மறுபடி போட வேண்டும், இரண்டு நாள் வேலை என்பதுதான் மனத்தில் நின்றது.

ஒத்திகை ஆறு வாரம் நடந்தது. ராணி நன்றாகவே பாடினாள். பழைய குரல் இல்லை, மேலே போகும்போது லேசாகக் கீறல் விழுந்தது. அதுதான் அழகு என்றார் இயக்குநர். ஊசியக்காவுக்கு அழகும் தெரியவில்லை, கீறலும் தெரியவில்லை. அவளுக்கு இருந்த கவலையெல்லாம் ஐந்தாம் காட்சிக்கும் ஆறாம் காட்சிக்கும் இடையே உள்ள ஐம்பது வினாடி. அதற்குள் பக்கத் திரைக்குப் பின்னால், இருட்டில், வெல்வெட் அங்கியைக் கழற்றிச் சிறைச் சட்டையை மாட்ட வேண்டும். பதினான்கு கொக்கி. ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ வைத்துவிடலாம் என்றாள் உதவியாள். பிரிக்கும்போது சத்தம் கேட்கும் என்று ஊசியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. உதவியாள் கையில் கடிகாரத்தைக் கொடுத்து ராணியை நிற்க வைத்துப் பழகினாள். எழுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, கடைசியில் நாற்பத்தெட்டு. இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் "திரும்புங்க", "கையைத் தூக்குங்க", "ஆச்சு" என்ற மூன்றும்தான்.

நாடகத்தின் முதல் நாளன்று அரங்கு நிரம்பியிருந்தது. ஐந்தாம் காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் ராணி இருட்டுக்குள் வந்தாள். ஊசியக்கா கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினாள். பத்தாவது கொக்கியில்தான் ராணியின் முதுகு நடுங்குவது தெரிந்தது.

"அக்கா, எனக்குப் பாட்டு மறந்து போச்சு."

"திரும்புங்க."

"முதல் வரியே வரலை. ஒண்ணுமே வரலை. நான் போகலை."

அங்கி கீழே விழுந்தது. மேடையில் சிறைக் கம்பிகளைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. ராணி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்பாவாடையோடு நின்றாள்.

"கையைத் தூக்கு" என்றாள் ஊசியக்கா. 'தூக்குங்க' என்று சொல்ல நேரமில்லை.

தலைவழியே சட்டையை மாட்டிக்கொண்டே அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாடவில்லை. சலவைக்குப் போட்ட துணியைக் கணக்குச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"எடுத்த துடுப்பை எங்கே வைத்தேன். ஏறிய கரை எது, இறங்கிய கரை எது. தண்ணீரே, உனக்காவது நினைவிருக்கிறதா. தலையில் இருந்தது கூடையா கிரீடமா."

"மறுபடி."

மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை ராணியின் உதடும் சேர்ந்து அசைந்தது. இடுப்பு நாடாவை இழுத்து முடிந்து, முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அறுபது வினாடி ஆகியிருந்தது. வாத்தியக்காரர்கள் முன்னிசையை இன்னொரு சுற்று வாசித்துச் சமாளித்தார்கள்.

ராணி பாடினாள். ஊசியக்கா கீழே கிடந்த அங்கியைத் தூக்கித் தூசி தட்டினாள். அந்தப் பாட்டு அவளுக்கு மறக்க வழியில்லை. மூன்று மாதம் அவர் முன்னறையில் உட்கார்ந்து அதைக் கட்டினார். அதே அறையில் அவள் இதே அங்கியைத் தைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் "இது சரியா இருக்கா?" என்று கேட்பார். வாயில் ஊசி இருக்கிறதே, அவள் தலையை ஆட்டுவாள். யாருக்காகக் கட்டுகிறார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தும், மேடையிலிருந்து வந்த பாட்டு பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது. கைதட்டு வெகுநேரம் நீடித்தது. வெல்வெட்டில் ஒரு கொக்கி பிய்ந்திருந்ததை அவள் அப்போது கண்டுபிடித்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்தபோது ராணி உடையறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நேத்து நீங்க இல்லன்னா நான் அவ்வளவுதான்."

"நாடகம் நிக்கக் கூடாதில்ல."

ராணி போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கலாமா? கடைசில அவர் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பொய் சொல்லலாம். நல்லதாக ஒன்று, கெட்டதாக ஒன்று, இரண்டு பொய்யும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. எதையும் எடுக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஏழு மாசமா அவருக்குப் பேச்சே கிடையாது" என்றாள். "உன்னைப் பத்தியும் சொல்லலை. என்னைப் பத்தியும் சொல்லலை. தண்ணி வேணும்னா கண்ணைக் காட்டுவார்."

ராணி தலையாட்டினாள்.

"அவர் போன அன்னைக்கு நீ வந்து கேட்டுக்கு வெளிய நின்னே" என்றாள் ஊசியக்கா. "என் பொண்ணு கேட்டைச் சாத்தினா. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். வந்து திறக்கலை."

"தெரியும். நானும் உங்களைப் பார்த்தேன்."

"ஏன் திறக்கலைன்னு எனக்கே தெரியலை. கோபம் இருந்தா கோபம்னு சொல்லிடலாம்."

ராணி ஊசி போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை காட்சி இல்லை" என்றாள் ஊசியக்கா நூலை அறுத்துக்கொண்டே. "வேணும்னா வீட்டுக்கு வா. அவர் இருந்த அறையைப் பாரு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராணி வந்தாள். மேக்கப் இல்லாத முகம், சாதாரணப் பருத்திப் புடவை. ஊசியக்கா அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். கட்டில், மருந்து வைத்த ஸ்டூல், ஜன்னலோரம் துணி போட்டு மூடிய கீபோர்டு. "இந்தப் பக்கமாத்தான் முகம் வெச்சுப் படுப்பார்" என்று சுவரைக் காட்டினாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளுக்குக் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டுவது போல அவளுக்கே பட்டது.

ராணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தையைக் கையால் தடவினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மேடையில் அழுவது போல அழகாக அல்ல, மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க, அடிவயிற்றிலிருந்து. ஊசியக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். அந்த அறையில் அழுகைச் சத்தம் கேட்பது அதுதான் முதல் தடவை. பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்த அறைக்கு அது வேண்டித்தான் இருந்தது என்று தோன்றியது. தனக்கும் அழுகை வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். இல்லை. சமையலறைக்குப் போய் இரண்டு ரொட்டியைச் சூடு பண்ணி, வெண்ணெய் தடவி, டீயோடு கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

"சாப்பிடு. இன்னும் இளைச்சா மறுபடி தையலைப் பிடிக்கணும். என்னால ஆகாது."

ராணி அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். ஒரு ரொட்டியை முழுதும் தின்றாள், இரண்டாவதில் பாதி.

அவள் போன பிறகு மகள் வந்தாள். தெருமுனையில் ராணியைப் பார்த்திருக்கிறாள். கத்தப் போகிறாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். மகள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள், கசங்கியிருந்த மெத்தை விரிப்பைப் பார்த்தாள்.

"அழுதாளா?"

"அழுதா."

"நீ?"

"நான் ரொட்டி சூடு பண்ணேன்."

மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வாரமாக அம்மாவுக்கு ரோஷம் இல்லை என்று நினைத்தவளுக்கு அன்றைக்குத்தான் வேறு ஏதோ புரிந்தது போலிருக்கிறது. கைப்பையை ஆணியில் மாட்டினாள். ஸ்டூலில் இருந்த மிச்ச ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டே, "நான் ஒரு வாரம் இங்கயே இருக்கேன்மா" என்றாள்.

"வேலைக்குத் தூரமாச்சே."

"பரவாயில்லை."

நாடகம் பன்னிரண்டு நாள் ஓடியது. கடைசி நாளில் உடை மாற்ற நாற்பத்தாறு வினாடிதான் ஆனது. வெளியூரில் போடக் கூப்பிடுகிறார்கள், வருகிறீர்களா என்று இயக்குநர் கேட்டார். ஊசியக்கா சரி என்றாள். ராணியின் இடுப்பை மறுபடி அளந்து, முப்பத்தொன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.