காந்தத்தில் ஒட்டிய காசு

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய ஆனி மாதக் கடைசியில், கள்ளிக்குப்பம் உதயகுமாரின் மகள் காவ்யா தரையைவிட்டு இரண்டு விரல் உயரத்தில் நடக்க ஆரம்பித்தாள். முதலில் கவனித்தது அவள் அம்மா ராஜகுமாரி. ஈரத்துணி போட்டுத் துடைத்த கூடத்தில் பிள்ளை குறுக்கும் நெடுக்கும் ஓடியும் ஒரு கால்தடம்கூட விழவில்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த காவ்யா, கூசுகிறதென்று சிரித்தாள். காரணம் என்னவென்று ராஜகுமாரிக்கு உடனே தெரிந்துவிட்டது.

காவ்யா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி, எழும்பூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது ராஜகுமாரி ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளை பிழைத்தால் நடந்தே வந்து உன் காலடியில் போடுகிறேன் என்று பெரியபாளையத்தம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஒவ்வொரு ஆடிக்கும் போகத்தான் நினைத்தார்கள். ஒரு வருஷம் உதயகுமாருக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் மாடியில் அறை கட்டினார்கள், ஒரு வருஷம் ஊரே கொரோனாவில் கதவைச் சாத்திக்கொண்டது. முடிச்சு சாமி படத்துக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது. அம்மன் பொறுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் அத்தனை பொறுமை கிடையாது.

உதயகுமார் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்த ஒரே பைத்தியம் சில்லறை. வங்கிக்குப் போய் நோட்டைக் கொடுத்துவிட்டு, சில்லறைப் பைகளைத் தூக்க முடியாமல் தூக்கி வருவான். ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பாயில் கொட்டி, வெள்ளிக்காசு ஏதாவது தப்பி வந்திருக்கிறதா என்று தேடுவான். பழைய உண்டியலை உடைக்கிறவர்கள் சில நேரம் எதையும் பார்க்காமல் அப்படியே வங்கியில் கட்டிவிடுகிறார்கள், அதுதான் அவன் நம்பிக்கை. காசாளர் அமல்ராஜுக்கு அவனைக் கண்டாலே கொண்டாட்டம். சில்லறையைக் கேட்டு வாங்கிப்போகிற மனிதன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் திரும்பக் கொண்டுவந்தால் மட்டும் அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். அதனால் பார்த்து முடித்த காசை டீக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக் கண்டக்டர்களுக்கும் மாற்றிக் கொடுத்துவிடுவான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு அகப்பட்டது, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரே ஒரு எட்டணா. அவன் அதைக் காட்டாத ஆள் தெருவில் இல்லை.

தேடுவதற்கு அவனிடம் ஒரு குறுக்குவழி இருந்தது, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் எஃகு, காந்தத்தில் அப்பிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது. குவியலின்மேல் காந்தத்தை ஓட்டி, ஒட்டியதை முகம்கூடப் பார்க்காமல் பைக்குள் உதறிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஆராய்வான். காவ்யா மிதக்க ஆரம்பித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஆடி பிறக்கப்போகிறதென்று ராஜகுமாரி சாமி படங்களை இறக்கித் துடைத்தாள். இற்றுப்போன மஞ்சள் துணி கிழிந்து, காசு யாருக்கும் தெரியாமல் உருண்டு பாய்க்குப் போனது. அதுவும் எஃகுதான். காந்தத்தில் ஒட்டியது, பைக்குள் விழுந்தது, மறுநாள் காலையில் ஏதோ ஒரு பஸ் ஏறிப் போய்விட்டது.

“சாமி காசையும் சேத்து சலிச்சி அனுப்பிட்டியேய்யா! புள்ள கால் தரையில பாவ மாட்டேங்குது. இன்னா பண்ணப் போற?” என்று ராஜகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அழாத ராஜி. காசு எங்க போவும்? சுத்தி சுத்தி பேங்க்குக்குத்தான் வரணும். நான் தேடிக் குடுக்கறேன்.”

அன்றிலிருந்து அவன் தேடல் தலைகீழாக மாறியது. காந்தத்தில் ஒட்டியதை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்து மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்த்தான். ஒட்டாததைப் பக்கத்தில் இருந்த பக்கெட்டில் எறிந்தான். இந்தச் சமயம் பார்த்து வெள்ளி வர ஆரம்பித்தது. முதல் பையில் ஒரு விக்டோரியா ராணி, அடுத்ததில் கைப்பிடி அளவு, ஆவடியிலும் திருமுல்லைவாயிலிலும் வாங்கிய பைகளில் பாதிக்குமேல் வெள்ளி. அதே வங்கியில் அதே நாளில் மற்றவர்கள் வாங்கிய பைகளில் வெறும் எஃகுதான் இருந்தது. விஷயம் கசிந்து, ஆட்கள் அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றும் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. பக்கெட் நிரம்பியது. முன்பென்றால் உதயகுமார் சந்தோஷத்தில் செத்தே போயிருப்பான். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்காசைக் கண்டபோதும் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

காவ்யா தீபாவளிக்குள் ஒரு சாண் ஏறினாள், பொங்கலுக்குள் ஒரு முழம். ராஜகுமாரி வீட்டில் மின்விசிறியைப் போடுவதையே நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், பின்பெஞ்சுப் பிள்ளைகளுக்குப் போர்டு மறைக்கிறதென்று அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். வேறு ஆட்சேபணை இல்லை. பையில் செங்கல் வைத்து அனுப்பினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக் கட்டில் காலோடு முடிந்து தூங்க வைத்தார்கள். மாசி மாதம் ஒருநாள் மைதானத்தில் காற்று அவளை இழுத்துக்கொண்டு போய், வேப்பமரம் ஒன்று குறுக்கே இருந்ததால் நிறுத்தியது. கிளையில் உட்கார்ந்தபடி அவள் கையாட்டினாள். கீழே நின்ற உதயகுமார் மரத்தில் ஏறி அவளை இறக்கி வந்தான். மரமில்லாத இடமாக இருந்திருந்தால் என்ற நினைப்பே அவனைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் பச்சையப்பனிடம் போனான். எல்லாவற்றையும் உருக்கிக் கொலுசாகச் செய்யச் சொன்னான்.

“இன்னாபா, யானைக்கா?” என்றார் பச்சையப்பன்.

“எம் பொண்ணுக்கு, அண்ணாத்தே.”

அவர் அடுப்பை மூட்டினார். தன் எட்டணாவையும் உதயகுமார் அந்தச் சூட்டில் போட்டான். கொலுசு மாட்டியதும் காவ்யாவின் பாதம் தரையில் அழுந்தி நின்றது. ராஜகுமாரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், மின்விசிறியைப் போட்டாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளை ஓடவில்லை. நிறைகுடம் தூக்குகிறவர்கள்போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். கணுக்கால் புண்ணாகியது. தினமும் தேங்காய் எண்ணெய் தடவிய ராஜகுமாரி ஒருநாள், காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த ஆடிக்குப் போயே தீருவது என்று சொல்லிவிட்டாள்.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமைக்காக, சனிக்கிழமை விடிந்ததும் ஆவடி, திருநின்றவூர் வழியாக நடந்தார்கள். திருநின்றவூர் தாண்டியதும் காவ்யாவால் முடியவில்லை. உதயகுமார் தூக்கிக்கொண்டான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது: மகளுக்குச் சுத்தமாக எடையே இல்லை. கையை முறித்தது முழுக்க வெள்ளி. பாதி வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே நடந்தான், வெயிலுக்கு வழியும் வேர்வை என்று உடன் நடந்த பக்தர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். ராஜகுமாரி குள்ளம், முன்னால் நின்றவர்களின் முதுகும் வேப்பிலையும் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த முதுகுகளிடமே மன்னிப்புக் கேட்டாள். “காசத் தொலைச்சிட்டோம் தாயே. புள்ளையக் குடுத்துட்டு புடுங்கிக்காத.”

“அப்பா, கால் வலிக்குதுப்பா. கயட்டி வுடேன்,” என்றாள் காவ்யா.

மேலே கூரை இல்லை, திறந்த வானம். உதயகுமார் மனைவியைப் பார்த்தான். புண்ணைப் பார்த்தான். குனிந்து இரண்டு திருகாணிகளையும் திருகிக் கழற்றினான்.

காவ்யா ஏறினாள். தலைகளைத் தாண்டி, கொடிகளைத் தாண்டி, புறாக்கள் உட்கார்ந்திருந்த உயரத்துக்குப் போனாள். உதயகுமார் வாயில் துண்டை அடைத்துக்கொண்டான். மேலே இருந்து குரல் வந்தது: “அம்மா! அம்மன் தெரியுதும்மா! மூஞ்சி முழுக்க மஞ்சளு. மூக்குத்தி எவ்ளோ பெருசு கீது தெரியுமா? உன்னியத்தாம்மா பாக்குது!”

ராஜகுமாரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பி, மகள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடித் தரிசனம் செய்தாள். முடித்துவிட்டு, எல்லா அம்மாக்களும் சொல்வதைப்போல, “போதும், வா கீழ. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல,” என்றாள். காவ்யா இறங்கி வந்தாள். ஒரு வருஷமாக அவளைக் கயிற்றால் கட்டினார்கள், செங்கல் வைத்தார்கள், வெள்ளி மாட்டினார்கள். கூப்பிட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. கொலுசு உண்டியல் வாய்க்குள் நுழையாததால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு உதயகுமாரின் பைகளில் வெள்ளி வரவில்லை. மஞ்சள் கறை படிந்த காசும் வரவில்லை. காவ்யா இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். சன்ஷேடில் விழுந்த இறகுப்பந்தை எடுக்கத் தெருப்பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சாயங்காலங்களில் கேபிள் ஒயர்களுக்கு மேலே கொஞ்ச நேரம் இருப்பாள். இருட்டியதும் ராஜகுமாரி வாசலில் வந்து, “காவ்யா, சோறு போட்டாச்சு,” என்று ஒரு குரல் கொடுப்பாள். கொஞ்சம் தாமதமாகும். வந்துவிடுவாள்.